யாரைப்போல உடுத்துவது? தோள்சீலைக் கலகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஓர் ஆணை பிறப்பித்தார். சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோளில் மேல்துணி போடலாமா என்பது பற்றி 1822 முதல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த தோள்சீலைக் கலகத்தை அணைக்க வந்த ஆணை அது. அதன் சாரம் இவ்வளவுதான். நாடார் பெண்கள் கிறிஸ்தவ நாடார் பெண்களைப்போல் குப்பாயம் என்ற சட்டையை அணிந்துகொள்ளலாம், ஆட்சேபம் இல்லை. எந்த மதத்து நாடார் பெண்ணும் முக்குவ மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மாரை மறைத்துக்கொள்ளலாம். ஆனால், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது.

பள்ளியில் இந்த நிகழ்வைப் படித்தபோது, ‘பெண்களுக்கு மாரை மறைக்கும் உரிமை கிடைத்தது’ என்ற ஒற்றை வரியாகத்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து ஆணையின் வாசகத்தைப் படித்தபோதுதான் அந்த ‘ஆனால்’ கண்ணில் பட்டது. மாரை மறைப்பதே தவறு என்று அந்த அரசு நினைத்திருந்தால் ‘எந்த விதமாகவும்’ என்று எழுதியிருக்காது. திறந்து கிடப்பதே அவமானம் என்று நினைத்திருந்தால் ‘ஆனால்’ என்று ஒரு தடை போட்டிருக்காது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப்போலத் தோன்றிவிடக் கூடாது என்பது ஒன்றே அந்த ஆணையின் கவலை. முப்பத்தேழு ஆண்டுச் சண்டையின் முடிச்சு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒரு சமூகம் எதை ஒழுங்கு மீறல் என்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த ஆணைக்குத்தான் திரும்பி வருகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆணையில் இருக்கும் சாதிப்பெயர் வேறு. அது வசையாகவே புழங்கிப்போனதால் அந்தச் சமூகம் நெடுங்காலம் போராடி, 1921இல் சென்னை மாகாண அரசின் பதிவேடுகளில் ‘நாடார்’ என்று மாற்றிக்கொண்டது. அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரையே இங்கே எழுதுகிறேன்.

திறந்த மேனி என்ற மரியாதை

பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருவது நம் வீடுகளில் தப்பு. ஏன் என்று கேட்டால் யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள். ‘மரியாதை இல்லை’ என்பார்கள், அதோடு முடிந்தது. பழைய திருவிதாங்கூரில் மேலாடை கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருந்தது. தோளில் துணி இருப்பது பெருமை. மேலோர் முன்னால் அதை நீக்குவது மரியாதை. நாயர் பெண்கள் தோளில் போடும் மேல்முண்டை நம்பூதிரிப் பிராமணர் எதிரே வந்தாலும், கோயிலில் தெய்வத்தின் முன்னாலும் எடுத்துவிடுவார்கள். அரசரே பத்மநாபசாமி கோயிலில் திறந்த மார்போடுதான் நிற்பார். ஆண், பெண் இரு பாலருக்கும் இடுப்புக்கு மேலே உடை என்பது அன்றாடத் தேவையாக இல்லாத, வெக்கையும் மழையும் மாறி மாறி அடிக்கும் நாடு அது. மார்பு திறந்திருப்பதை யாரும் ஆபாசம் என்று நினைக்கவில்லை.

இதை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியில் நிற்பவரும் தனக்கு மேலே இருப்பவர் முன்னால் துணியை நீக்க வேண்டும். கீழே இருப்பவர் முன்னால் போட்டுக்கொள்ளலாம். கீழ்ப்படிகளில் தள்ளப்பட்டவர்களுக்கு ஊரில் எதிர்ப்படுகிறவர் பெரும்பாலும் மேலோர்தான். எனவே நாடார், ஈழவர், புலையர், பறையர் பெண்களுக்கு அந்த மரியாதை ஒரு கணத்துச் சடங்காக நிற்கவில்லை. நாள் முழுக்க, ஆயுள் முழுக்க நீண்டது.

மேலாடை மட்டும் தனியாகத் தடுக்கப்பட்டதும் இல்லை. நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை போடக் கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது, பசுவில் பால் கறக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் என்னை மிகவும் உலுக்கியது ஒரு சின்ன விதி. அவர்களுடைய பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. கிணற்றிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண் குடத்தை எப்படி எடுத்துப்போகிறாள் என்பதையும் ஊர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில் நடந்து வருகிற உருவத்தைப் பார்த்தவுடன் சாதி தெரிந்துவிட வேண்டும். குடை, குடம், செருப்பு, சீலை எல்லாம் அதற்கான அடையாளங்கள்.

அதே நாட்டில் ஏணியின் உச்சியில் இருந்த நம்பூதிரி வீட்டுப் பெண்களோ வெளியே காலெடுத்து வைத்தால் உடம்பு முழுக்கப் போர்த்தி, ஓலைக்குடையால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு முகம் தெரிந்தால் குற்றம், இவளுக்கு மார்பு மறைந்தால் குற்றம். இரண்டையும் ஒரே நாவு ‘ஆசாரம்’ என்றது.

குப்பாயம் வந்த வழி

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். அவரை அங்கே வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். பனையேறிகளும் கூலிகளும் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வரத் தொடங்கினார்கள். அப்போது ரெசிடென்டாக, அதாவது சமஸ்தானத்தில் ஆங்கிலேய ஆட்சியின் பிரதிநிதியாக இருந்தவர் கர்னல் மன்றோ. 1811 முதல் 1814 வரை சமஸ்தானத்தின் தலைமை அமைச்சரான திவானின் பொறுப்பையும் அவரே சேர்த்துப் பார்த்தார். அவர் காலத்தில் வந்த உத்தரவுகள் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ள அனுமதித்தன. அனுமதி சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் அணிந்த குப்பாயத்துக்குத்தான். நாயர் பெண்களின் தோள்சீலைக்கு இல்லை.

மன்றோவின் கணக்கு எனக்குப் புரிகிறது. சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிளைகளும் இந்துச் சாதி ஏணிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். அவர்களுடைய உடையைக் கொடுத்தால் ஏணி ஆடாது. மதம் மாறியவளுக்கு வேறொரு மதத்தின் உடை, அவ்வளவுதான்.

1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட், பின்னாலேயே வந்த மால்ட் குடும்பம் இவர்கள் காலத்தில் பள்ளிகள் பெருகின. மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குத்திய ஊசிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. மற்றவர் தோட்டத்தில் ஊழியம் செய்துவந்த குடும்பத்துப் பெண்கள், உட்கார்ந்து செய்யும் கைவேலையில் காசு பார்த்தார்கள். மிஷன் வீட்டுப் பெண்கள் வடிவமைத்த தளர்வான, குட்டைக் கைச் சட்டைதான் இவர்களுக்கான குப்பாயம்.

இந்த இடத்தில் அந்தப் பெண்கள் தாங்களே ஒரு முடிவு எடுத்தார்கள். குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் தோளில் ஒரு சீலையையும் போட்டார்கள். வெள்ளைக்காரத் துரைசானிக்கு வேண்டியது மார்பு மறைவது. அதற்குக் குப்பாயமே போதும். சீலை போடுவதற்கு வெட்கமோ வெயிலோ காரணமாக இருந்திருக்க முடியாது. ஊரில் மரியாதைக்குரிய பெண் எப்படி உடுத்துகிறாளோ அப்படி உடுத்த வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அரசு எழுதிய ஆணைகள், மிஷன் எழுதிய மனுக்கள், ரெசிடென்ட் எழுதிய கடிதங்கள் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. இந்தச் சீலை ஒன்றுதான் அந்தப் பெண்கள் தங்கள் கையால் சொன்ன வாக்கியம் என்று நான் எண்ணுகிறேன்.

கலகத்தின் போக்கு

1822இல் கல்குளம் பக்கத்தில் முதல் மோதல். சந்தைக்குப் போகும் வழியில் பெண்களை நிறுத்தி மேல்துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள். மீட் ரெசிடென்டிடம் முறையிட்டார். கொஞ்ச காலம் அடங்கி, 1827க்குப் பிறகு மறுபடி மூண்டது. பள்ளிகள் எரிந்தன.

1829 பிப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது முறையில்லை, போடக் கூடாது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. நாடார்கள் மற்றவர்களைப்போல் அரசுக்கு ஊழியம் செய்தே தீர வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு.

பெண்ணின் உடையும் கூலியில்லா ஊழியமும் ஒரே தாளில் ஏன் வருகின்றன? ஊழியம் என்பது வரி கட்டுவதைப்போல் ஏட்டைப் பார்த்துப் பிடிக்கிற வேலை அல்ல. சந்தையில், வழியில், வயல் வரப்பில் ஆளைக் கண்டதும் பிடிப்பது. யாரைப் பிடிக்கலாம், யாரைப் பிடிக்கக் கூடாது என்று தாசில்தாரின் ஆளுக்கு எப்படித் தெரியும்? உடையும் நடையும் சொல்லும். எல்லாரும் ஒன்றுபோல உடுத்திவிட்டால் யாரை ஏவுவது என்ற கேள்வி எழும். மரியாதை, வழக்கம், ஆசாரம் என்ற சொற்களுக்கு அடியில் ஓடிய கணக்கு இது என்பது என் வாசிப்பு. 1829 அறிவிப்பை எழுதியவர்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நாடு அடியோடு மாறியது. பனையேற்றத்திலிருந்து வணிகத்துக்குப் போன குடும்பங்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின் திருநெல்வேலிச் சீமை. அங்கே இப்படியோர் அரசாணை கிடையாது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், மதம் மாறாத மக்களைத் திரட்டி, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். சமஸ்தானம் அவரைச் சிறையில் அடைத்தது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்குக் காலடி மண் நழுவியது.

1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா ராணியின் பிரகடனம். குடிமக்களின் மத வழக்கங்களில் தலையிட மாட்டோம் என்று அது சொன்னது. உயர்சாதியினர் அதை, ‘பழைய வழக்கத்தைக் காக்க இனி யாரும் குறுக்கே வர மாட்டார்கள்’ என்று வாசித்தார்கள். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கலகம் பற்றிக்கொண்டது. டிசம்பர் இறுதியில் திவான் மாதவராவின் அரசு 1829 அறிவிப்பை நினைவூட்டியது; நாடார்கள் அதை மீறக் கூடாது, மற்றவர்கள் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்றது. முதல் பாதி மட்டும்தான் ஊர்களில் காதில் விழுந்தது. பெண்களின் மேல்துணி பட்டப்பகலில் பறிக்கப்பட்டது. வீடுகள் சூறையாடப்பட்டன. 1859 தொடக்க மாதங்களுக்குள் ஒன்பது சிற்றாலயங்களும் மூன்று பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

ரெசிடென்ட் கல்லன் பல ஆண்டுகளாகத் திருவிதாங்கூரில் ஊறிப்போனவர். அரண்மனைக்கு நோகாமல் நடந்துகொண்டவர். மிஷனரிகள் அவரைத் தாண்டிச் சென்னைக்கு எழுதினார்கள். அங்கே புதிதாக ஆளுநராக வந்திருந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யான் கடுமையாகத் தலையிட்டார். உண்மையும் நீதியும் இவ்வளவு முழுமையாக ஒரு பக்கம் நிற்கும் வழக்கைத் தாம் அரிதாகவே கண்டிருப்பதாக எழுதினார். அந்த அழுத்தத்தில் பிறந்ததுதான் கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்ன ஜூலை 26 ஆணை.

மூன்று கண்கள்

பிறழ்வு என்பது செயலில் இல்லை, அந்தச் செயலுக்குச் சமூகம் இடும் பெயரில் இருக்கிறது என்று சமூகவியல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். தோள்சீலைக் கலகத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பாடம் பாதி தூரம்தான் கொண்டுபோகிறது. ஒரே துணியை மூன்று கண்கள் பார்த்தன.

அரண்மனைக்கும் மேல்சாதிக்கும் மேலே போட்ட துணி திமிர். மிஷன் வீட்டுக்குத் திறந்த மேனி அநாகரிகம், ஏறக்குறைய பாவம். அந்தக் காலத்து இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அவர்கள் பரிவோடு செய்தார்கள், அடி வாங்கிய மக்களுக்கு அரணாக நின்றார்கள். அந்த நன்றியை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அதுவரை அந்த மண்ணில் இல்லாத ஒரு வெட்கத்தையும் குப்பாயத்தோடு சேர்த்தே கொடுத்தார்கள். மூன்றாவது, அந்தப் பெண்களின் கண். அவர்களுக்குச் சீலை என்பது சமம்.

1859 ஆணை இரண்டாவது கண்ணுக்கு முழு வெற்றி, முதல் கண்ணுக்குப் பாதி வெற்றி. மார்பை மறைக்கலாம் என்று மிஷன் கேட்டதைக் கொடுத்தது. உயர்சாதியைப்போல் கூடாது என்று அரண்மனை கேட்டதையும் கொடுத்தது. பெண்கள் கேட்ட ஒன்றைத்தான் அது மறுத்தது. அதையும் அவர்கள் ஆணைக்குக் காத்திராமல் எடுத்துக்கொண்டார்கள். சில தலைமுறைகளில் அந்த மாவட்டத்தில் யாருடைய சீலை யாருடையதைப்போல் இருக்கிறது என்று கேட்க ஆளில்லாமல் போனது.

வெட்கம் இடம் மாறியது

வழக்கம் ஒரே நாளில் மாறுவதில்லை, எல்லா இடத்திலும் ஒன்றாகவும் மாறுவதில்லை. கொல்லம் அருகே பெரிநாட்டில் 1915இல் நடந்தது கல்மாலைப் போராட்டம். புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் மணியும் கோத்த மாலைகளைப் போட்டே ஆக வேண்டும் என்பது அங்கே கட்டாயம். புலையர் தலைவர் அய்யங்காளியின் சொல் கேட்டு அவற்றை அறுத்து எறிந்தார்கள். அறுத்தவர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. தெற்கே போட்டதற்கு அடி, இங்கே கழற்றியதற்கு அடி. துணி மாலையானது, விதி ஒன்றுதான்.

திருவாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்த சி.கேசவன் தம் வாழ்க்கை வரலாற்றில் தம் மாமியாரின் நினைவொன்றைப் பதிவு செய்திருக்கிறார். இளம்பெண்ணாக இருந்தபோது உறவுக்காரப் பெண் ஒருத்தி அவருக்கு ரவிக்கை கொடுத்தாள். ஆசையாகப் போட்டுக்கொண்டார். பார்த்த தாய், நெறிகெட்டவள் என்று திட்டி அடித்தார். பிறகு அவர் தாய் தூங்கியபின் இரவில் மட்டும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். இந்தத் தாயை மேல்சாதி யாரும் ஏவவில்லை. ரவிக்கை போடுகிறவள் ஆட்டக்காரி என்பது அவர் மனத்தில் தானாகவே ஊறியிருந்தது. யாரை அடக்க அந்த விதி பிறந்ததோ, அவர்களே அதை ஒழுக்கம் என்று தம் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் இதுதான் மனத்தை மிகவும் வருத்தும் இடம்.

குமரிக்கு வெளியே தமிழ்நாட்டுப் பக்கம் இந்த மாற்றம் கலகமில்லாமல் நடந்தது. எங்கள் ஆச்சி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. பாம்படம் தொங்கி வடிந்த காது, முந்தானையை மாரின் குறுக்கே இறுக்கி முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிய சேலை. அந்தச் செருகல் வயல் வேலையிலும் அவிழாது. ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுக்க ஆள் வந்தபோது வீட்டுக்கு வந்த புது மருமகள் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து ஆச்சிக்குப் போட்டுவிட முயன்றாள். ஆச்சி ஒரு கையை நுழைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை, கழற்றிக் கொடுத்துவிட்டார். கடைசியில் தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். அந்தப் படம் எங்களிடம் இருக்கிறது. அதில் ஆச்சியின் முகத்தில் கூச்சம் இல்லை. சுற்றி நிற்கிற எங்கள் முகங்களில்தான் இருக்கிறது. அவர் இளமையில் ரவிக்கை போட்டு வயலுக்கு வந்த பெண்ணை ஊர் ஒரு மாதிரி பேசியதாம். ஒரு பெண்ணின் ஆயுளுக்குள் வெட்கம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

நகர்ந்த பிறகு, அது நகர்ந்தது என்பதே மறந்துபோகிறது. ‘தமிழ்ப் பெண்ணின் பண்பாட்டு உடை’ என்று இன்று மேடைகளில் சொல்லப்படும் ரவிக்கையும் சேலையும், அந்த வடிவில், நம் பாட்டிமார் பலருக்குத் தெரியாத உடை. நேற்று வந்ததைத் தொன்று தொட்டு வந்தது என்று நம்பிவிட்டு, அதை மீறுகிற பெண்ணைக் கைநீட்டிக் குற்றம் சொல்கிறோம். துப்பட்டா இல்லாமல் நடக்கும் மாணவியைப் பற்றிப் பேசும்போது நம் குரலில் ஏறும் சூடு, 1829 அறிவிப்பை எழுதியவரின் குரலுக்கு வெகு தூரத்தில் இல்லை.

பழையதை இன்றைய கண்ணால் திருத்தி எழுதிக்கொள்வதும் நடக்கிறது. சேர்த்தலை நங்கேலியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முலைவரி கேட்டு வந்தவனுக்குத் தன் முலையையே அறுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள் என்பது வாய்மொழியாக வந்த கதை. அந்தத் துணிவுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் ‘மாரை மறைத்தால் வரி’ என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதை வரலாற்றாசிரியர்கள் சிலர் ஏற்பதில்லை. ஆணிடம் வாங்கிய ஆள்வரிக்குத் தலைவரி என்றும், பெண்ணிடம் வாங்கியதற்கு முலைவரி என்றும் பெயர்; ஏழைகளை நசுக்கிய வரி அது, உடைக்கான வரி இல்லை என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மார்பு என்றாலே மானம் என்று பழகிவிட்ட நாம், நங்கேலியின் பசியையும் கோபத்தையும் மானத்தின் கதையாக மாற்றிக்கொண்டோம்.

நினைவும் ஒரு சர்ச்சை

குமரி மண் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. கலகத்தின் நினைவு இரு மாநிலங்களுக்கும் சொந்தமானது. மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயத்தில் இது இடம்பெற்றிருந்தது. தங்கள் முன்னோர் அதில் சித்திரிக்கப்பட்ட விதத்தை நாடார் அமைப்புகள் எதிர்த்தன; விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதி மோதலும் உடை மாற்றமும் பற்றிய பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019இல் அந்த அத்தியாயமே பாடநூலிலிருந்து நீங்கியது. எதிர்த்தவர்களின் புண் எனக்குப் புரிகிறது. தன் பூட்டியைப் பற்றிய அந்த வரியை வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருப்பது சின்ன விஷயம் அல்ல. இருந்தாலும் பாடத்தைத் திருத்தச் சொல்லியிருக்கலாம், எடுத்தது பிழை என்றே நினைக்கிறேன். அவமானம் அடித்தவர்களுடையது. எடுத்துவிட்டதால் அது அடி வாங்கியவர்களுடையது என்று ஆகிவிட்டது.

2023 மார்ச் 6ஆம் நாள் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க.ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள். ஒரு காலத்தில் தாசில்தாரின் ஏட்டில் குற்றமாக எழுதப்பட்டது, இரண்டு முதலமைச்சர்கள் சேர்ந்து கொண்டாடும் பெருமையாயிற்று.

பழைய விதி முழுக்கச் செத்துவிட்டதா என்றால், இல்லை. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் சுடிதார் அணிந்த பெண்கள் மேலே முண்டு கட்டாமலே உள்ளே வரலாம் என்று 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி அனுமதித்தார். எதிர்ப்பு கிளம்பியது. அப்படி மாற்ற அவருக்கு அதிகாரமில்லை, கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியின் முடிவே முடிவு என்று கேரள உயர் நீதிமன்றம் டிசம்பரில் சொன்னது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்ற விதியோ அங்கே இன்றும் இருக்கிறது. 2024 டிசம்பர் 31இல் நாராயண குரு நிறுவிய சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா, பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் இது, கைவிட வேண்டும் என்றார். முதலமைச்சர் விஜயன் ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி எதிர்த்தது. இரு தரப்பும் ஆசாரம் என்ற சொல்லைத்தான் கையில் எடுத்தன.

குமரியிலும் அந்த விதி உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி முழங்கையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். பக்கத்தில் அவர்களுடைய மனைவியரும் மகள்களும் கழுத்து வரை உடுத்தி நடக்கிறார்கள். 1936 கோயில் நுழைவுப் பிரகடனத்துக்கு முன்பு இவர்களில் பலரின் தாத்தாமார் இந்த வாசலுக்குள் காலடி வைத்திருக்க முடியாது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் சாமித்தோப்பு. அங்கேயும் ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறார்கள். ஆனால் வைகுண்டரின் வழிபாட்டிடமான பதிக்குள் நுழையும்முன் ஒவ்வொருவரும் துண்டை எடுத்து, உதறி, தலையில் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்கிறார்கள். மேலோரைக் கண்டதும் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டச் சொன்ன அதே துண்டு. போன மாதம் நான் போயிருந்தபோது எனக்கு முன்னால் நின்ற முதியவருக்குக் கை நடுங்கி முடிச்சு நிற்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் வந்து, அவர் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டார்.